கூட்டுக்கா, கல்லுக்கா?

"இன்னாத்துக்கு? கூட்டுக்கா, கல்லுக்கா?"

தண்டைக் கையில் எடுத்தவர்கள் திகைத்து நிற்கிறார்கள். வாழைத்தண்டு வாங்க வந்த இடத்தில் வாக்குமூலமா கொடுக்க வேண்டும்? தையல்நாயகிக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை கிடையாது. தண்டை வில்லை வில்லையாக அரிந்து, ஒவ்வொரு வில்லையிலும் தொங்கும் நாரை இடது கை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருக்கிறாள். கூட்டுக்கு, பொரியலுக்கு என்றால் சரி. மேல் மட்டையை உரித்து, நல்ல இளம் தண்டாகப் பொறுக்கி, மேலே ஒரு கொத்து கறிவேப்பிலையும் வைத்து நீட்டுவாள். கல்லுக்கு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போயிற்று. பக்கத்தில் கிடக்கும் ஈரச் சாக்கை இழுத்துத் தண்டுகளின் மேல் போட்டு மூடிவிடுவாள்.

"கல்லுக்கு என்னாண்ட தண்டு இல்ல நைனா. ஆஸ்பத்திரிக்குப் போ."

"இன்னாக்கா, கண்ணெதிர்க்க இவ்ளோ கீதே!"

"அதெல்லாம் கூட்டுக்கு."

தாம்பரம் மார்க்கெட்டில் இது தினப்படி வேடிக்கை. பக்கத்துக் கீரைக்காரிகள், "யாவாரம் பண்ண வந்தியா, இல்ல வந்தவனத் தொரத்த வந்தியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சில கெட்டிக்காரர்கள் அடுத்த நாள் வந்து கூட்டுக்கு என்று பொய் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. பலிக்காது. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பவன் கூட்டுக்காகவா வந்திருப்பான்? அவளுக்குத் தெரியாத கல்லுக்காரனா! சாக்கு மறுபடி தண்டின் மேல் ஏறிவிடும்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் கல்லுக்குத் தண்டு என்றால் தையல்நாயகி, தையல்நாயகி என்றால் கல்லுக்குத் தண்டு. கோடை பிறந்தால் இந்த வட்டாரத்தில் மாங்காயோடு சேர்ந்து மூத்திரக்கல்லும் வந்துவிடும். போர்வெல் தண்ணீரின் லட்சணம் அப்படி. படப்பைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து இறங்கும் தண்டு வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துபோகும். "இட்சிப் புழிஞ்சி வெறும் வவுத்துல குடி, பொடிப் பொடியா பூடும்" என்று அவள் கூவியதைக் கேட்டு வந்தவர்களில் ஆட்டோ ஓட்டும் சிட்டிபாபுவும் ஒருவன். ஸ்டாண்டில் வண்டியை விட்டு இறங்கி, காக்கிச் சட்டையோடு தரையில் உருண்டவன். அம்மா, அப்பா, முருகா என்று ஒருவரையும் விடாமல் கூப்பிட்டவன். தையல்நாயகி தானே சாறு பிழிந்து புகட்டினாள். நாலைந்து நாளில் அவனுக்குக் கல் இறங்கிவிட்டது. அது சாற்றால் இறங்கியதா, தானாக இறங்கியதா, யார் கண்டது? அன்றிலிருந்து சிட்டிபாபு அவளுக்குச் சம்பளம் வாங்காத விளம்பரக்காரன் ஆகிவிட்டான்.

ஆள் ஒல்லி. ஐம்பதை நெருங்குகிறது. புடவைக்கு மேல் தம்பியின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை எப்போதும் மாட்டியிருப்பாள். வாழைக்கறை ஏறி ஏறி, அது முதலில் என்ன நிறம் என்று இப்போது சொல்ல முடியாது. பரண்மேல் இலைக்கட்டை எடுக்கக் கையைத் தூக்கினால் சட்டையும் மேலே ஏறும். இடப்பக்கம் விலாவில், முதுகிலிருந்து தொப்புள் பக்கம்வரை ஓடும் தழும்பு தெரியும். தையல் போட்ட தடமெல்லாம் சேர்ந்து ரயில் தண்டவாளம் போலவே இருக்கும். முன்பெல்லாம் யாராவது அதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டால் அவளுக்குப் பெருமை பிடிபடாது. "இது இன்னா தெரியுமா? இதான் என் தம்பி" என்பாள்.

தம்பி அரிகிருஷ்ணன் பெருங்களத்தூரில் ஸ்டேஷன் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான். தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தால், மருந்து எங்கே இருந்தது வீட்டில்? உட்கார வைத்து உஃப் உஃப் என்று ஊதுவாள். அழுகை நின்றுவிடும். அவன் வளர்ந்து, அங்காளம்மாளைக் கட்டி, குடும்பமாகி நிமிர்ந்த நேரத்தில் இரண்டு கிட்னியும் படுத்துக்கொண்டன. எண்பத்தெட்டாம் வருஷம் அது. அங்காளம்மாள்தான் முதலில் கையை நீட்டினாள். அவள் ரத்தம் சேரவில்லை. அக்காவின் ரத்தம் சேர்ந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று ஊரே சொன்னது. விதவை, பிள்ளை குட்டி இல்லாதவள், வேறு யாரைக் கேட்க வேண்டும்? படுத்து ஒரு கிட்னியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கொடுத்ததோடு விட்டாளா என்றால், அதுதான் இல்லை. தினமும் மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் தம்பி வீட்டில் ஒரு நடை. அவன் கட்டிலில் உட்கார்ந்து சட்டையைத் தூக்குவான். அடிவயிற்றில் வலப்பக்கம், இடுப்பெலும்புக்கு மேல் லேசாக மேடிட்டிருக்கும். அங்கேதான் அவளுடைய கிட்னி குடியிருக்கிறது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து, "இன்னாடா, நல்லா கீறாளா?" என்று கேட்பாள். அவள் கணக்கில் அது பெண்.

"நல்லா கீறாக்கா."

"வலிக்குதா?"

"இல்லக்கா."

பிறகுதான் காப்பி. காப்பித் தம்ளரை அங்காளம்மாள் வைக்கிற வேகத்தில் காப்பி சில நாள் தெறித்துவிடும். "கட்னவ நானு. ஆனா அவர் வவுத்துல கீறது நீயாச்சே அண்ணி" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நாத்தனாரும் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போவாள். ஏழு வருஷம் அந்த வீடு இப்படித்தான் ஓடியது.

தொண்ணூற்றைந்து கோடையில் வழக்கமான ஸ்கேனுக்குப் போன இடத்தில் டாக்டர் ஹில்டா படத்தை இரண்டு தரம் பார்த்தார். கல். வைத்த கிட்னியிலேயே கல். மருந்து மாத்திரையாலும் வரலாம். சைக்கிள் ஸ்டாண்டில் ஒதுங்க இடமில்லை என்று வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததாலும் வரலாம். வந்துவிட்டது, இனி பேசி என்ன?

"பயப்படாதீங்கம்மா," என்றார் டாக்டர். பல்லாவரத்துக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். "முன்ன மாதிரி வயித்தைக் கிழிக்கிறதெல்லாம் இல்ல. ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே ஒரு ஊசி விடுவோம். அந்த வழியா பென்சில் கனத்துக்கு ஒரு குழாய். உள்ளேயே கல்லை உடைச்சு வெளிய எடுத்துடலாம். வெளியிலேர்ந்தே அதிர்ச்சி குடுத்து உடைக்கிற மெஷினும் இருக்கு. ஆனா இது பெரிய கல்லு. கிட்னி வேற எலும்பு மேல உக்காந்திருக்கு. அது சரிப்படாது. ஒரு சின்ன ஓட்டை, அவ்ளோதான்."

ஓட்டை என்ற சொல் காதில் விழுந்ததுமே தையல்நாயகி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அவளுக்குத் தெரியாதா ஆஸ்பத்திரி ஓட்டை! சின்னதாகத்தான் திறப்போம் என்று சொல்லித்தானே அவள் விலாவில் தண்டவாளம் போட்டார்கள்?

"நான் குடுக்கசொல்லோ முழுசா குடுத்தேன்மா. ஓட்ட போட்டு வெச்சுக்கவா குடுத்தேன்? ஒண்ணுதானே கீது அவனுக்கு? அதுலயும் ஓட்ட போட்டா ஒழுவிப் பூடாதா?"

டாக்டர் மறுபடி விளக்கினார். தள்ளிப்போட்டால் கல் வழியை அடைத்துக்கொள்ளும், அடைத்தால் கிட்னியே போய்விடும் என்றார். ஒரு வாரத்துக்குள் வாருங்கள், மூத்திரம் குறைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வாருங்கள் என்றார். அங்காளம்மாள், "டாக்டரம்மா சொல்றத கேளேன் அண்ணி" என்று கெஞ்சினாள். எல்லாரும் அரிகிருஷ்ணனைப் பார்த்தார்கள். அவன் அக்காவைப் பார்த்தான். "அக்கா குடுத்தது. அக்கா இன்னா சொல்லுதோ அதான்" என்றான். உயிரைக் கொடுத்தவளை எதிர்த்துப் பேச அவனுக்கு நாக்கு எழவில்லை.

அப்புறம் என்ன? ஊருக்கெல்லாம் கல் கரைத்தவளுக்குத் தம்பி கல்லா பெரிசு? மறுநாள் முதல் உரலில் தண்டை இடித்து, துணியில் பிழிந்து, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள். "எறும்பு ஊரக் கல்லே தேயுது. என் சாறு ஊறி இந்தக் கல்லு கரையாதா?" என்று எதிரில் நின்று குடிக்க வைத்தாள். கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துப் பார்த்துவிட்டு உள்ளங்கையை வைப்பாள்.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"பாத்தியா! அந்த சிட்டிபாபு இன்னா உருளு உருண்டான்! உனுக்கு ஒரு சுருக்குனு கூட இல்ல. கரைஞ்சிகினு கீதுடா. மெய்யாலுமே கரைஞ்சிகினு கீது."

தப்பு என்று எப்படிச் சொல்வது? அவள் பார்த்த கல்லுக்காரர்கள் அத்தனை பேரும் கத்தியவர்கள், உருண்டவர்கள், வாந்தி எடுத்தவர்கள். கல் என்றால் வலி. வலி இல்லையென்றால் கல் கரைகிறது. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். மார்க்கெட்டில் எல்லாரிடமும் சொன்னாள். சிட்டிபாபு ஒரு படி மேலே போய், "எங்கக்கா தண்டுக்கு முன்னால ஆபரேசனாவது ஒண்ணாவது" என்று சவாரிக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். டாக்டர் சொன்ன வாரம் கடந்தது. அடுத்ததும் கடந்தது.

அரிகிருஷ்ணனுக்கு மூத்திரம் குறைந்துகொண்டே வந்தது. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அதை ஒரு பிளாஸ்டிக் மக்கில் பிடித்து அளவு பார்ப்பது அவன் பழக்கம். காலையில் அக்காவும் கொல்லைப்பக்கம் போய் மக்கை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். நிறைந்திருந்தால் அவள் முகம் மலரும். அந்த மலர்ந்த முகத்தைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. என்ன செய்தான் தெரியுமா? மக்கில் குழாய்த் தண்ணீரைக் கலந்து வைத்தான். அடப்பாவி! அக்கா பார்த்தாள், நிறைந்திருந்தது, கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் பஸ் ஏறினாள். அவள் சாற்றை அவன் குடித்தான், அவன் பொய்யை அவள் குடித்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், வீக்கத்தை எதில் மறைப்பது? கால் செருப்பில் நுழையவில்லை என்பதை அங்காளம்மாள்தான் கண்டாள். கேட்டால் வெயில் என்றான். அன்று சாயங்காலமே சைக்கிள் ஸ்டாண்டில் கைகால் உதறிக் குளிர் ஜுரம். தையல்நாயகியைக் கூட்டிக்கொண்டு வந்ததும் சிட்டிபாபு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவன் வண்டிதான். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக சிட்டிபாபு ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. தம்பியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு, "வலிக்குதாடா? எங்கனாச்சும் வலிக்குதா?" என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். எங்கேயும் வலிக்கவில்லை என்றான். அது மட்டும் பொய் இல்லை.

டாக்டர் ஹில்டா முதலில் கேட்டது அங்காளம்மாளை. சாறு விஷயம் தெரிந்ததும் தையல்நாயகி பக்கம் திரும்பினார்.

"எவ்ளோ நாளா குடுக்கறீங்க?"

"உங்களாண்ட வந்துட்டுப் போன மறுநாள்லேர்ந்து."

"நமக்கெல்லாம் அது நல்லதுதாம்மா. கிட்னி அடைச்சவங்களுக்கு அதுல இருக்கிற உப்பு உடம்பை விட்டு வெளிய போகாது. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா இதயமே நின்னிருக்கும்."

"வலியே இல்லியேம்மா!" தையல்நாயகி அலறினாள். "தெனம் கை வெச்சு கேட்டேனே! ஒரு தபா கூட வலிக்குதுன்னு சொல்லலியே!"

டாக்டர் ஸ்கேன் படத்தைக் கீழே வைத்தார். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருப்பார். இவளுக்குச் சொல்ல மனம் கூசியது.

"அதுக்கு வலி தெரியாதும்மா. உங்க உடம்புலேர்ந்து எடுத்தப்பவே அதோட நரம்பெல்லாம் அறுந்து போச்சு. ரத்தக்குழாயை ஜாயின் பண்ணலாம், மூத்திரக்குழாயை ஜாயின் பண்ணலாம். நரம்பை ஒட்ட முடியாது. உள்ள என்ன ஆனாலும் அவருக்குத் தெரிய வராது. அன்னைக்கே இதை நான் அழுத்திச் சொல்லியிருக்கணும்."

தையல்நாயகி விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப என்னாண்டயே இருந்திருந்தா கத்தியிருக்கும்," என்றாள். "என்னாண்ட இருந்திருந்தா கத்தி ஊரைக் கூட்டியிருப்பாளே!"

தன் சதை ஆடும் என்றார்களே, ஆடவில்லை. வாயில்லாப் பூச்சியாக உள்ளே கிடந்து செத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு, கரைகிறது கரைகிறது என்று அவள் பூரித்துப் போயிருந்தாள்.

அன்றே ஊசி விட்டு, குழாய் வைத்து, தேங்கியிருந்த சீழையும் நீரையும் வடித்தார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு அதே வழியாகக் கல்லை உடைத்து எடுத்தார்கள். எல்லாம் டாக்டர் சொன்னபடியே நடந்தது. கிழிக்கவில்லை, பெரிதாகத் தைக்கவும் இல்லை. கட்டுப் பிரித்த அன்று தையல்நாயகி பார்த்தாள். ஒரு பொட்டளவு புண். அவ்வளவுதான். இதற்கா அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்? விரலால் தன் தழும்பைத் தடவினாள், அந்தப் பொட்டைப் பார்த்தாள், மறுபடி தழும்பைத் தடவினாள்.

"இத்துக்குத்தானா?" என்றாள்.

கல் போய்விட்டது. கிட்னி திரும்பவில்லை. டாக்டரும் எத்தனையோ செய்து பார்த்தார். கடைசியில் பழையபடி டயாலிசிஸ் மெஷின்தான் என்று ஆயிற்று. அதைக் கேட்ட கையோடு தையல்நாயகி டாக்டர் அறைக்குப் போய் நின்றாள். சட்டையைத் தூக்கி, தழும்பு இல்லாத பக்கத்தைக் காட்டினாள்.

"இந்தாண்ட ஒண்ணு கீதே. எட்த்துக்கோம்மா."

"அது உங்களுக்கு வேணும்மா."

"எனுக்கு இன்னாத்துக்கு?"

டாக்டர் அவள் சட்டையை இறக்கிவிட்டார். வேறு என்ன செய்வார்? உள்ளே செத்துக் கிடப்பதையாவது வெளியே எடுத்துவிடுவார்களா என்று கேட்டாள். தொந்தரவு கொடுக்காதவரை எடுக்க மாட்டோம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். தொந்தரவு கொடுக்கத் தெரியாததால்தானே இந்தக் கதி?

வீட்டில் ஒருவர்கூட அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. ஒருநாள் அங்காளம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னத் திட்டேன்டி, வாய் விட்டுத் திட்டேன்" என்று அழுதாள். "திட்னா வருமா அண்ணி?" என்றாள் அங்காளம்மாள். தம்ளரை மெதுவாகத்தான் வைத்தாள். முன்பு மாதிரி டங்கென்று வைத்திருக்கக் கூடாதா என்று தையல்நாயகிக்கு இருந்தது.

இதோ வருஷம் ஒன்று ஓடிவிட்டது. அரிகிருஷ்ணன் கறுத்து, வற்றி, மெஷினுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறான். டோக்கன் கொடுக்க வேறு ஆள் போட்டாகிவிட்டது. தையல்நாயகி தண்டு விற்பதை விடவில்லை. வேறு தொழில் தெரியாது. ஆனால் கல்லுக்குக் கிடையாது. போன வாரம் சிட்டிபாபுவே தெரியாத்தனமாக மச்சானை அழைத்துக்கொண்டு வந்து, "எனுக்குக் கரைஞ்சுதேக்கா" என்று தலையைச் சொறிந்தான். சாக்கை இழுத்து மூடினாள்.

"உனுக்கு வலிச்சுதுடா. வலிச்சவன் கத்துவான், கத்தினவன் பொழப்பான். கூட்டிகினு போ ஆஸ்பத்திரிக்கு."

தம்பி வீட்டுக்குப் போவதை நடுவில் நிறுத்தியிருந்தாள். எந்த முகத்தோடு போவது? நேராகப் பஸ் ஸ்டாப், நேராக மார்க்கெட். ஒருநாள் விடியலில் அவன் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அவள் வாசலில் வந்து நின்றான். "ஏன்க்கா வர்ல?" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து மறுபடி போகிறாள்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து சட்டையைத் தூக்குகிறான். அந்த மேடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அவள் உள்ளங்கையை வைக்கிறாள். இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை. கேட்காமலே அவன் சொல்கிறான்.

"வலிக்குதுக்கா."

டாக்டர் சொன்னது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அடுப்படியில் நிற்கும் அங்காளம்மாளுக்கும் தெரியும்.

தையல்நாயகி கையை எடுத்துவிட்டு, குனிந்து, உதட்டைக் குவித்து, அந்த இடத்தில் உஃப் உஃப் என்று ஊதுகிறாள்.